தனியார் பார்க்கிங் டிக்கெட்: பிரிட்டனில் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளி வாசல், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் யாராவது ஒரு கடிதத்தை நீட்டி, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்கிறார்கள். பாதிக்கு மேல் தனியார் பார்க்கிங் டிக்கெட்டுகள்தான். பயந்துபோய் அன்றைக்கே காசைக் கட்டுகிறவர்களும் உண்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத் தீர்ப்போடு வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே காசை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"கார் கண்ணாடியில மஞ்சள் கவர் ஒண்டு இருந்தது. இது கவுன்சில் ஃபைனோ, பிரைவேட் கம்பனியோ?"

கவரின் நிறத்தை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் தலைப்பைப் பாருங்கள். கவுன்சில் கொடுப்பது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. தனியார் கொடுப்பது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் பி.சி.என். என்றுதான் சுருக்குவார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கவுன்சிலின் பெயரும் 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டமும் குறிப்பிடப்பட்டிருந்தால் அது கவுன்சில் டிக்கெட். ஏதோ ஒரு லிமிடெட் கம்பெனியின் பெயர் இருந்தால் தனியார். போலீஸ் கொடுப்பது 'ஃபிக்ஸ்டு பெனால்டி நோட்டீஸ்'. அது முற்றிலும் வேறு.

கவுன்சில் டிக்கெட்டை எதிர்க்கும் வழியும் தனி, கட்டாமல் விட்டால் வரும் விளைவும் தனி. நீதிமன்ற விசாரணை இல்லாமலே பெய்லிஃப் வரைக்கும், அதாவது கடனுக்காக வீட்டுக்கு வந்து சாமான் எடுக்கும் அதிகாரம் உள்ளவர் வரைக்கும், போகலாம். கீழே உள்ள எதையும் கவுன்சில் டிக்கெட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

"பிரைவேட் கம்பெனிக்கு ஃபைன் போட என்ன அதிகாரம் இருக்கு?"

அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் கேட்பது ஒப்பந்தத்தை மீறியதற்கான பணம். தரிப்பிடத்தின் வாசலில் உள்ள பலகையில் "இரண்டு மணி நேரம் இலவசம், மீறினால் இத்தனை பவுண்டு" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வண்டியை நிறுத்தினால் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

"அவர்களுக்கு என்ன நட்டம், 85 பவுண்டு எதற்கு?" என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை கேட்டுப் பார்த்தார். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத் தொகுதியின் இலவசத் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்ற வழக்கு. பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் என்று பெயர். 2015 நவம்பரில் தீர்ப்பு கம்பெனி பக்கம் போனது. ஆட்கள் நாள் முழுக்க வண்டியைப் போட்டுவிட்டுப் போகாமல் தடுப்பதில் கம்பெனிக்கும் நில உரிமையாளருக்கும் நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண்டு அதற்கு மீறிய தொகை இல்லை என்றார்கள் நீதிபதிகள். அதனால் "நட்டமே இல்லையே" என்ற வாதம் இன்றைக்கு அநேகமாக எடுபடாது. ஆனால் அந்தத் தரிப்பிடத்தில் சுமார் 20 பலகைகள் இருந்தன. பெரிய எழுத்தில், கண்ணுக்குத் தெரியும்படி. உங்கள் இடத்தில் மரக்கிளைக்குப் பின்னால் ஒரே ஒரு பலகை, அதில் எறும்பு அளவு எழுத்து என்றால், அதே தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாகும்.

"கட்டாதை, பேசாமல் விடு எண்டு எல்லாரும் சொல்லுகினம். விடலாமோ?"

வேண்டாம். அந்த அறிவுரை ஒரு காலத்தில் ஓரளவுக்குச் சரியாக இருந்தது. 2012 அக்டோபர் 1-க்கு முன்னால், வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் கம்பெனியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 'புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை, அதாவது கிளாம்ப் செய்வதை, அந்தச் சட்டம் தடை செய்தது. கூடவே, அதன் நான்காவது அட்டவணை வண்டியின் பதிவில் பெயர் உள்ளவரிடம், அதாவது கீப்பரிடம், காசு கேட்கும் வழியையும் திறந்துவிட்டது. நம் ஆட்கள் முதல் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

இன்றைக்குக் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுகின்றன. பதில் போடாதவர் மீது விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். கட்டுவதா எதிர்ப்பதா என்பது உங்கள் முடிவு. சும்மா இருப்பது மட்டும் சரியான முடிவு இல்லை.

"என் அட்ரஸ் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. கொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற இரண்டு சங்கங்களில் ஒன்றில் கம்பெனி உறுப்பினராக இருந்தால், ஒரு வண்டிக்கு 2.50 பவுண்டு கட்டிக் கீப்பரின் பெயரையும் முகவரியையும் வாங்கலாம். அந்தச் சங்கங்கள் பி.பி.ஏ., ஐ.பி.சி. உங்கள் கம்பெனி எதில் இருக்கிறது என்பது கடிதத்தின் அடியில் சின்ன முத்திரையாக இருக்கும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"100 பவுண்டு கேக்குறாங்க, 14 நாளைக்குள்ள கட்டினா 60. கட்டிட்டு அப்புறம் அப்பீல் பண்ணலாமா?"

முடியாது. கட்டினால் விஷயம் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முறையீடா கட்டணமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் முறையீடு செய்தால் தள்ளுபடி போய்விடும் என்று பயந்து கட்ட வேண்டியதும் இல்லை. இரண்டு சங்கங்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது விதிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிகபட்சக் கட்டணம் 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் குறைந்தது 40 சதவீதம் தள்ளுபடி என்பது அதில் உள்ளது. அந்த 14 நாளுக்குள் நீங்கள் முறையீடு அனுப்பி, கம்பெனி அதை நிராகரித்தால், தள்ளுபடித் தொகையைக் கட்ட இன்னொரு 14 நாள் தர வேண்டும். ஆகவே முதல் முறையீட்டால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

"அப்பீல்ல என்ன எழுதுறது? யார் ஓட்டினதுன்னு சொல்லணுமா?"

சொல்ல வேண்டிய கட்டாயம் தனியார் டிக்கெட்டில் இல்லை. சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. ஓட்டாத நீங்கள் ஓட்டியதாகவோ, ஓட்டிய நீங்கள் ஓட்டவில்லை என்றோ எழுதுவதுதான் பொய், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். "நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்" என்று எழுதியதுமே ஓட்டுநர் நீங்கள்தான் என்பது உறுதியாகிவிடும். "இந்த வண்டியின் கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன். ஓட்டுநர் வண்டியை நிறுத்தியபோது..." என்று எழுதினால் அடுத்த கேள்வியில் வரும் பாதுகாப்பு உங்களிடமே இருக்கும். நான் வாசித்த கடிதங்களில் நல்ல வழக்குகள் கைநழுவியது பெரும்பாலும் இந்த 'நான்' என்ற சொல்லால்தான்.

மற்றபடி சுருக்கமாக எழுதுங்கள். பலகை சரியில்லையா, நேரக் கணக்கு தவறா, காசு கட்டிய ரசீது இருக்கிறதா, அதைச் சொல்லிப் படங்களை இணையுங்கள். பலகையின் படம் மிக முக்கியம். இரவு நேர டிக்கெட் என்றால் இரவிலேயே போய், ஓட்டுநர் இருக்கையின் உயரத்தில் இருந்து எடுங்கள். "நான் ஓய்வூதியக்காரர், மனது வையுங்கள்" என்ற கடிதத்துக்கு ஒரு அச்சடித்த நிராகரிப்புத்தான் திரும்பி வரும்.

"கடிதம் லேட்டா வந்துச்சு. அது ஒரு காரணமா?"

அது பல நேரங்களில் மிக வலுவான காரணம். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல், கேமரா மட்டும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துத் தபாலில் நோட்டீஸ் வந்தால், அது வண்டி நின்ற நாளுக்கு மறுநாளில் இருந்து எண்ணி 14 நாளுக்குள் உங்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பினால் போதாது, சேர வேண்டும். தபாலில் போட்ட பிறகு வரும் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கணக்கு வைக்கிறது.

ஒரு உதாரணம். வண்டி நின்றது 2025 மார்ச் 1, சனிக்கிழமை. மார்ச் 2 முதல் நாள், மார்ச் 15 பதினாலாம் நாள். நோட்டீஸ் மார்ச் 13, வியாழக்கிழமை தபாலில் போடப்பட்டது. பார்த்தால் நாள் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் வெள்ளி ஒன்று, சனி ஞாயிறு சேராது, திங்கள் இரண்டு. மார்ச் 17-இல்தான் சேர்ந்ததாகக் கணக்கு. இரண்டு நாள் தாமதம். கீப்பரிடம் பணம் கேட்கும் உரிமை அங்கேயே போய்விட்டது. இனி ஓட்டுநரிடம்தான் கேட்க முடியும், ஓட்டுநர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. இதனால்தான் மேலே 'நான்' என்று எழுதாதீர்கள் என்றேன்.

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. டிக்கெட் கொடுத்த மறுநாளில் இருந்து எண்ணி 29-ஆம் நாளுக்கும் 56-ஆம் நாளுக்கும் இடையில் கீப்பருக்கு நோட்டீஸ் சேர வேண்டும். நோட்டீஸில் இருக்க வேண்டிய வாசகங்களும் சட்டத்தில் உள்ளன. வண்டி எந்த நிலத்தில், எந்தக் கால அளவு நின்றது என்பதும், 28 நாளுக்குப் பிறகு கீப்பர் பொறுப்பாவார் என்ற எச்சரிக்கையும் அதில் முக்கியமானவை. சில கம்பெனிகள் இந்தச் சட்டத்தையே நோட்டீஸில் குறிப்பிடாமல் விடுவது உண்டு. அப்படி வந்தால் அதையே முதல் காரணமாக எழுதுங்கள்.

"வண்டியை ஓட்டினது மகன். பேப்பர் என்ர பேரில வந்திருக்கு. நான் கட்டோணுமோ?"

நோட்டீஸ் முந்திய பதிலில் சொன்னபடி காலத்துக்குள், சரியான வாசகத்தோடு வந்திருந்தால் ஓட்டாத நீங்களும் பொறுப்புத்தான். மகனின் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் பொறுப்பு அவருக்கு மாறும். காலம் தவறியிருந்தால் பெயர் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

"சுத்திப் பார்த்துட்டு இடம் இல்லாம வெளிய வந்தோம். அதுக்கும் டிக்கெட்டா?"

நம்பர் பிளேட்டை வாசிக்கும் ஏ.என்.பி.ஆர். கேமரா வாசலில் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும்தான் பதிகிறது. நடுவில் நின்றீர்களா, வரிசையில் காத்திருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. அதனால் விதிமுறையில் இரண்டு சலுகைக் காலங்கள் இருக்கின்றன. உள்ளே வந்து, பலகையை வாசித்து, நிற்பதா போவதா என்று முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடம். அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்த பின் வெளியேற 10 நிமிடம். நெரிசலில் அதற்கு மேல் ஆனது என்றால், காரின் கேமரா பதிவோ கைப்பேசியின் இட வரலாறோ இருந்தால் இணையுங்கள்.

காசு கட்டத் தாமதமானதற்காக வரும் டிக்கெட்டும் இதைச் சேர்ந்ததே. செயலி வேலை செய்யவில்லை, சிக்னல் இல்லை என்று ஐந்து நிமிடம் தாண்டியவர்களிடமும் காசு கேட்டதற்கு எதிர்ப்பு வந்து, 2025 பிப்ரவரி 17 முதல் விதி திருத்தப்பட்டது. கேமரா உள்ள இடத்தில் வெளியேறுவதற்கு முன் முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டால், தாமதத்துக்காக மட்டும் டிக்கெட் கொடுக்கக் கூடாது.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போனதை ஒரே நீண்ட வருகையாகக் கணக்கிட்ட டிக்கெட்டும் வரும். நடுவில் உள்ள 'வெளியே', 'உள்ளே' படங்களைக் கேமரா தவறவிட்டிருக்கும். அந்த இடைவெளியில் வேறெங்கோ இருந்ததற்கு ஆதாரமாக, அங்கே வங்கி அட்டையில் செலவழித்த ஒரு பதிவு போதும்.

"காசு கட்டினேன். நம்பர் அடிக்கேக்க ஒரு எழுத்து பிழைச்சுப் போச்சு."

ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம், ஒரு எழுத்து விடுபட்டது போன்ற சிறு பிழை என்றால், காசு கட்டிய ஆதாரத்தைக் காட்டியதும் ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. வீட்டில் உள்ள இன்னொரு காரின் நம்பரை முழுதாக அடித்துவிட்டது போன்ற பெரிய பிழை என்றால் 20 பவுண்டாகக் குறைக்க வேண்டும், அதை 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முறையீட்டில் இந்த விதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

"சாமான் வாங்கத்தான் போனம். பில் கிடக்கு. கடைக்காரரிட்டச் சொல்லலாமோ?"

முறையீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியதே அதுதான். தரிப்பிடக் கம்பெனியை வேலைக்கு வைத்திருப்பது கடையோ நில உரிமையாளரோ. பில்லோடு மேலாளரைப் பாருங்கள். மரியாதையாக, ஆள் குறைவான நேரத்தில். "எங்களால் முடியாது" என்று சொன்னால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். உணவகத்திலும் உடற்பயிற்சி நிலையத்திலும் வாடிக்கையாளர் நம்பரை டேப்லெட்டில் பதிய மறந்து வரும் டிக்கெட்டுகள் பல இப்படியே ரத்தாகின்றன.

"அம்மாவுக்கு ப்ளூ பேட்ஜ் இருக்கு. ஆஸ்பத்திரில டிக்கெட் அடிச்சுட்டாங்க."

ப்ளூ பேட்ஜ் சலுகைகள் பொதுச் சாலைக்கானவை, தனியார் நிலத்தில் தானாகப் பொருந்தாது. ஆனால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தனியார் நிலத்திலும் உண்டு. நடக்கக் கூடுதல் நேரம் ஆகிறவருக்கு நியாயமான மாற்றம் செய்து தர வேண்டும். இங்கிலாந்தின் என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் ப்ளூ பேட்ஜ் உள்ளவர்கள், அடிக்கடி சிகிச்சைக்கு வரும் வெளிநோயாளிகள், பிள்ளையோடு இரவு தங்கும் பெற்றோர், இரவு வேலைப் பணியாளர் ஆகியோருக்குத் தரிப்பிடம் இலவசம். ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டிய மருத்துவமனைகள் உண்டு, வரவேற்பு மேசையில் கேளுங்கள். டிக்கெட் வந்துவிட்டால் சந்திப்புக் கடிதத்தின் பிரதியோடு மருத்துவமனையின் நோயாளர் உதவிப் பிரிவான 'பால்ஸ்' அலுவலகத்துக்கு எழுதுங்கள். மருத்துவர் ஒரு மணி நேரம் தாமதமானதற்கு நோயாளி காசு கட்டுவது அநியாயம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

"கம்பெனி முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்து என்ன?"

அந்தக் கடிதத்திலேயே அடுத்த படி இருக்கும். பி.பி.ஏ. உறுப்பினர் என்றால் 'பாப்லா', ஐ.பி.சி. உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ். என்ற முறையீட்டு அமைப்பு. இரண்டுக்கும் 28 நாள் அவகாசம், காசு கிடையாது. நீங்கள் வென்றால் கம்பெனி கட்டுப்பட வேண்டும். தோற்றாலும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கம்பெனி நீதிமன்றம் போகலாம், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கட்டத்துக்கு வந்தால் 60 பவுண்டு என்ற தள்ளுபடி விலை போய்விடும்.

பாப்லாவில் முழுமையாக எழுதுங்கள். தாமதமான நோட்டீஸ், பலகை, நேரக் கணக்கு, அப்புறம் "நில உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்ற கோரிக்கை. ஒப்பந்தம் இல்லாத கம்பெனிக்குக் காசு கேட்கும் தகுதி இல்லை. காட்ட மனமில்லாமல் கம்பெனி பின்வாங்குவதும் நடக்கும். ஐ.ஏ.எஸ். விஷயத்தில் எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. அங்கே தோற்றதால் உங்கள் வாதம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

"ஸ்டேஷன்லயும் ஏர்போர்ட்லயும் விட்ட டிக்கெட்டுக்கும் இதே கதையா?"

இல்லை. ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்கள் பலவற்றுக்குத் தனித் துணைவிதிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிலத்துக்கு மேலே சொன்ன கீப்பர் பொறுப்பு பொருந்தாது. ஆகவே ஓட்டுநர் யார் என்று சொல்லாத கீப்பரிடம் அவர்கள் ஒப்பந்தக் காசு கேட்க முடியாது. ஆனால் ரயில் நிலையத்தில் துணைவிதியை மீறியதாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் இடம் உண்டு, அதற்கு ஆறு மாதம்தான் காலம். கடிதம் 'பெனால்டி' என்கிறதா 'பார்க்கிங் சார்ஜ்' என்கிறதா என்று முதல் கேள்வியில் சொன்னதுபோலப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பதில் எழுதுங்கள்.

"எங்கட பிளாட்டுக்குக் கீழ, எங்கட சொந்த இடத்தில விட்டதுக்கு டிக்கெட். பெர்மிட் விழுந்து கிடந்ததாம்."

உங்கள் லீஸ் பத்திரத்தை எடுங்கள். அதில் அந்த இடம் உங்களுடையது என்று எழுதி, பெர்மிட் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாவிட்டால், பிறகு வந்த கம்பெனி ஒரு பலகையை நட்டு உங்கள் உரிமையைக் குறைக்க முடியாது. வீட்டு வாசலில் கனமான தளபாடத்தை இறக்க நிறுத்திய குடியிருப்பாளருக்குச் சாதகமாக 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்ற மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. சாமான் இறக்க நிற்பது 'பார்க்கிங்' ஆகாது என்றும் அதில் சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரரின் லீஸையும் கேட்டு வாங்குங்கள்.

"இப்ப 170 பவுண்டு கேட்டு டெட் கலெக்டர் கடிதம். வீட்டுக்கு வந்து சாமான் தூக்குவாங்களா?"

தூக்க முடியாது. கடன் வசூல் கம்பெனி வேறு, பெய்லிஃப் வேறு. நீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதையும் கட்டாமல் விட்ட பிறகுதான் பெய்லிஃப். இந்தக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு உங்கள் வாசற்படியில் எந்த உரிமையும் இல்லை. உங்கள் கடன் மதிப்பீட்டையும் தொட முடியாது. சிவப்பு எழுத்தைப் பார்த்து வயதானவர்கள் தூக்கம் இல்லாமல் கிடக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கூடுதல் 70 பவுண்டு 'வசூல் செலவு'. கீப்பரிடம் சட்டப்படி கேட்கக்கூடிய அதிகபட்சம் முதல் நோட்டீஸில் இருந்த தொகைதான் என்று அதே நான்காவது அட்டவணை சொல்கிறது. வசூல் கடிதங்களுக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள். 'லெட்டர் பிஃபோர் கிளெய்ம்', அதாவது வழக்குப் போடும் முன் அனுப்பும் கடிதம், என்று வந்தால் மட்டும் உடனே கவனியுங்கள். அதற்கு 30 நாளுக்குள் "கடனை மறுக்கிறேன், காரணம் இது" என்று எழுத வேண்டும்.

"கோர்ட் பேப்பர் வந்துட்டுது. பயமா இருக்கு."

பயம் வேண்டாம், நாட்காட்டி வேண்டும். படிவத்தில் வெளியிட்ட தேதி இருக்கும். அதிலிருந்து ஐந்தாம் நாள் உங்களுக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. சேர்ந்த நாளில் இருந்து 14 நாளுக்குள் இணையத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதிந்தால், எதிர்வாதம் தாக்கல் செய்ய அந்த 14 நாள் 28 ஆகும். மொத்தம் வெளியிட்ட தேதியில் இருந்து 33 நாள். பதியும்போது வாதப் பெட்டியில் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் அதுவே உங்கள் எதிர்வாதமாகப் போய்விடும்.

இது சிறு வழக்குப் பிரிவு. குற்ற வழக்கு இல்லை, தோற்றால் பெரும் செலவு வராது. கேட்ட தொகை, நீதிமன்றக் கட்டணம் 35 பவுண்டு, வக்கீலுக்கான நிலையான 50 பவுண்டு, விசாரணைக் கட்டணம் 27 பவுண்டு, சிறிது வட்டி. ஒரு டிக்கெட்டுக்குப் பொதுவாக 300 பவுண்டுக்குள் அடங்கும். வழக்கு உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நீதிமன்றத்துக்கு மாறும். 2024 மே முதல் இத்தகைய வழக்குகளில் தொலைபேசிச் சமரசப் பேச்சு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது, இலவசம். கலந்துகொள்ளுங்கள், ஆனால் எதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் வரும்போது கம்பெனியே வழக்கைக் கைவிடுவதும் உண்டு.

எதிர்வாதத்தின் அடியில் 'உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று கையெழுத்திட வேண்டும். அங்கே பொய் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. முறையீட்டில் ஒன்று, இங்கே வேறொன்று என்று எழுதினாலும் நீதிபதி உங்களை நம்ப மாட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. நீதிபதி முன்னால எப்படிப் பேசுறது?"

சிறு வழக்கு விசாரணையில் வக்கீல் அல்லாத ஒருவர், மகளோ நண்பரோ, உங்களுக்காகப் பேசலாம். ஒரே நிபந்தனை, நீங்களும் அங்கே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு தேவை என்றால் நீதிமன்றம் அனுப்பும் கேள்விப் படிவத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். விசாரணைக்காக வேலைக்குப் போகாத நாளுக்கு, வென்றால் 95 பவுண்டு வரை கேட்கவும் இடம் உண்டு.

"பழைய வீட்டுக்குப் பேப்பர் போயிருக்கு. இப்ப மார்ட்கேஜ் கேக்கப் போனா சி.சி.ஜே. இருக்குங்கறாங்க."

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கேள்வி. சி.சி.ஜே. என்பது கட்டாத கடனுக்காகக் கவுண்டி நீதிமன்றம் தரும் தீர்ப்பு. வீடு மாறும்போது ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றுகிறோம், காரின் வி5சி பதிவை மறந்துவிடுகிறோம். இரண்டும் தனித்தனி. இதை வாசித்ததும் உங்களுடையதைச் சரிபாருங்கள்.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவில் இருந்து முழுதாக நீங்கும். அது தாண்டினால், கட்டினாலும் ஆறு வருடம் பதிவில் நிற்கும், 'கட்டப்பட்டது' என்ற குறிப்போடு. நீக்குவதற்கு என்244 படிவத்தில், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும், குறைந்த வருமானம் என்றால் சலுகை உண்டு. இரண்டு விஷயத்தைக் காட்ட வேண்டும்: பேப்பர் உங்கள் கைக்கு வரவில்லை, வந்திருந்தால் சொல்ல நல்ல வாதம் இருந்தது. தெரிந்த உடனே விண்ணப்பித்தீர்களா என்பதை நீதிபதி பார்ப்பார். இரண்டு மாதம் யோசித்துவிட்டுப் போகாதீர்கள்.

"சிட்டிசன்ஷிப்புக்குப் போடப்போறம். இது இடைஞ்சலோ?"

கட்டாத தனியார் டிக்கெட் குற்றமும் இல்லை, குற்றப் பதிவும் இல்லை. ஆனால் அது சி.சி.ஜே. ஆகியிருந்தால் குடியுரிமை விண்ணப்பத்தில் சிவில் தீர்ப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுத வேண்டும். மறைப்பதுதான் நற்குணம் பற்றிய கேள்வியில் பெரிய சிக்கலை உண்டாக்கும். விண்ணப்பிக்கும் முன் தீர்ப்பைக் கட்டி முடித்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"கிளாஸ்கோவில அண்ணை வீட்டுக்குப் போகேக்க வந்த டிக்கெட். அங்கயும் இதே சட்டமோ?"

நான்காவது அட்டவணை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே கம்பெனி ஓட்டுநரிடம்தான் கேட்க முடியும், ஆகவே 'யார் ஓட்டியது' என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கு அங்கே இன்னும் பலம் அதிகம். வழக்குப் போடும் காலமும் அங்கே ஐந்து வருடம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு.

"சும்மா 60 பவுண்டைக் கட்டித் தொலைச்சா என்ன?"

சில நேரம் அதுவே சரி. பலகை தெளிவாக இருக்கிறது, நோட்டீஸ் காலத்துக்குள் வந்திருக்கிறது, உண்மையிலேயே ஒரு மணி நேரம் அதிகமாக நின்றீர்கள், கடையும் ரத்து செய்யவில்லை என்றால் நானும் கட்டத்தான் சொல்வேன். மேலே சொன்ன குறைகளில் ஒன்றாவது இருந்தால் கட்டச் சொல்ல மாட்டேன்.

"சட்டம் மாறப் போகுதாமே? அது வரைக்கும் காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். அரசே ஒரு விதிமுறை வகுக்க வேண்டும் என்று 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் அது வெளியானது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான மீறல்களுக்கு 50 பவுண்டு என்ற வரம்பும் அதில் இருந்தது. கம்பெனிகள் நீதிமன்றத்தில் எதிர்த்ததும் ஜூன் மாதமே அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூலையில் மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இப்போது உங்கள் கையில் உள்ள கடிதத்தில் ஓடும் 14 நாளும் 28 நாளும் எதற்காகவும் நிற்காது. முதலில் அந்தக் கடிதத்தின் தேதியை எழுதி வைத்துவிட்டு, பலகையைப் படம் எடுக்கப் போங்கள்.